தங்கபுஷ்பத்தின் அட்டை எத்தனை கிலோ

சிவகாசியில் வாழ்த்து அட்டைகள் கனக்கத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்தில்; முதலில் கனத்தது, தங்கபுஷ்பம் தன் தோழி ஞானசெல்வியின் பிறந்தநாளுக்காகக் கையால் செய்த அட்டை, அது சரியாக நாலு கிலோ முந்நூறு கிராம் இருந்தது.

தங்கபுஷ்பத்துக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் மடிப்பதும் ஒட்டுவதும் அடுக்குவதுமாக இருபத்தாறு வருஷத்தை ஓட்டியவள். ஊரே காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அச்சடித்து லாரி லாரியாக நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கட்டிங் மெஷினுக்கு அடியில் விழும் வெட்டுத் துண்டுகளைச் சாக்கில் வாரிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். போய், தெரிந்தவர்களுக்கெல்லாம் அட்டை செய்வாள், பிரித்தால் எழுந்து நிற்கும் தாமரை, இழுத்தால் தலையாட்டும் கிளி, காகிதக் கூடை, காகிதத் தொட்டில், குழந்தை பிறந்த வீட்டுக்கு ஒன்று, பரீட்சையில் தேறிய பிள்ளைக்கு ஒன்று, தேறாத பிள்ளைக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று. "நம்ம ஊர்ல பிறந்துட்டு எவளாவது கையால கார்டு செய்வாளா?" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேலி பேசுவார்கள். தங்களுக்கு வர வேண்டிய அட்டை ஒரு நாள் பிந்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அவர்களேதான்.

ஞானசெல்வி அந்த அட்டையைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு அச்சகத்திலிருந்து கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி வழியில் பையின் காது அறுந்தது. அவள் மறுநாள் காலையில் அட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, காகிதக் கட்டு நிறுக்கும் தராசில் வைத்து எல்லாருக்கும் காட்டினாள். ஃபோர்மேன் முத்தையா கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு அட்டையை விரலால் நெருடிப் பார்த்தார். "முந்நூறு ஜி.எஸ்.எம். தடிமன் போர்டு. இந்த அளவுக்கு இருபது கிராம் தாண்டாதே. ஈரம் குடிச்சிருக்கும், வெயில்ல போடுங்க" என்றார். இரண்டு நாள் மொட்டை மாடியில் காயப் போட்டார்கள். மூன்றாம் நாள் நிறுத்துப் பார்த்தபோது இருபது கிராம் கூடியிருந்தது, ஏனென்றால் இடையில் ஞானசெல்வி கொண்டுவந்து கொடுத்த மீன் குழம்பு தங்கபுஷ்பத்துக்கு ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது.

அன்றைக்கே எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அன்பு எவ்வளவோ அட்டை அவ்வளவு. கையால் செய்ததாக இருக்க வேண்டும், கொடுக்கிறவரே செய்ததாக இருக்க வேண்டும். அச்சடித்தது எதுவும் கனக்கவில்லை. ஊரின் அத்தனை மெஷின்களும் ராப்பகலாக ஓடி அடித்துத் தள்ளிய லட்சக்கணக்கான வாழ்த்துகள் எப்போதும்போலக் காற்றில் பறந்தன, அதற்காக எந்த முதலாளியும் வருத்தப்படவில்லை, ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் தூக்குவதற்கு லேசாக இருப்பதைத்தான் கேட்டார்கள்.

ஊர் இதைப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வைகாசி பிறப்பதற்குள் தச்சர்கள் மர அலமாரி செய்வதை விட்டுவிட்டுக் கடப்பாக்கல் தட்டுகளுக்கு அளவெடுக்க ஆரம்பித்தார்கள்; ஆட்டோக்காரர்கள் "ஆளுக்கு ஒரு அட்டைதான்" என்று பின்னால் எழுதி வைத்தார்கள்; தபால்காரர் சைக்கிளை விற்றுவிட்டு ஒரு தள்ளுவண்டி வாங்கினார்; பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைப் பையன் ஒருவன் செய்து கொடுத்த அட்டை காகிதத்தின் எடையைவிட மூன்று கிராம் கூடுதலாக இருக்கக் கண்டு, "முதல் நாளைக்கு இது போதும், அதிகமா இருந்தாத்தான் பயப்படணும்" என்று பெண்ணின் அப்பா சம்மதம் சொன்னார். ஒரு வார்டு கவுன்சிலரின் பிறந்தநாளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் வந்தன, யாரோ தெரியாத்தனமாக ஃபேனைப் போட்டுவிட, அத்தனையும் ஜன்னல் வழியாகப் பறந்து பக்கத்துத் தெருவில் விழுந்தன. மனிதர் அதற்கப்புறம் கொஞ்சம் தணிந்து பேச ஆரம்பித்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரும் கணக்கு டீச்சரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். எல்லாரிடமும் சிரித்துப் பேசும் தலைமையாசிரியர் தன் அட்டைகளை ஒரு கையில் அடக்கிக்கொண்டு போய்விட்டார், ஆனால் பிள்ளைகள் பார்த்தாலே நடுங்கும் அந்தக் கணக்கு டீச்சரின் அட்டைகளை ஏற்ற மினிலாரி வரவழைக்க வேண்டியிருந்தது. அந்தம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று, அழுதுகொண்டே, அடுக்கத் தெரியாத லோடுமேன்களைத் திட்டித் தீர்த்தாள்.

ஏமாற்றியவர்களும் உண்டு. ஒரு மருமகள் தன் மாமியாருக்குச் செய்த அட்டையில் இரும்பு வாஷர்களை மறைத்து ஒட்டினாள். மாமியார்க்காரி அன்று மதியமே கண்டுபிடித்துவிட்டாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம் மருமக குடுத்தது, தூக்கிப் பாருங்க" என்று பெருமையாக நீட்டினாள். இரண்டு மாதம் கழித்து அந்த மருமகள் வெட்கம் தாங்காமல் வாஷர்களைப் பிய்த்து எடுத்துவிட்டுப் பார்த்தபோது அட்டையின் எடை குறையவில்லை. காரணம் கண்டுபிடிக்கப் பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து ஒரு இயற்பியல் பேராசிரியர் கூட வந்தார். அவருடைய மகள் அவருக்கு ஒரு அட்டை செய்து கொடுத்தாள், அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவர் அப்புறம் காரணம் கேட்டு வரவில்லை.

தங்கபுஷ்பம் இந்த நாலைந்து மாதத்தில் நாற்பது அட்டைகளுக்கு மேல் செய்துவிட்டாள். ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்குச் செய்தது பதினேழு கிலோ, லாரி ஆபீஸில் போட்டுத்தான் அனுப்ப முடிந்தது. ஒரே ஒரு அட்டையை மட்டும் அவள் செய்யவில்லை, அது அவள் தங்கை மாரிக்கனிக்கான அட்டை.

மாரிக்கனி இருப்பது ஒன்றும் கண்காணாத தேசத்தில் இல்லை, திருத்தங்கலில். டவுன் பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்குவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். ஆனால் அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஒரு பத்திரிகை. மாரிக்கனியின் மகள் அகிலா பெரிய மனுஷியானபோது சடங்கு வைத்தார்கள். பத்திரிகையை அடித்தது தங்கபுஷ்பமும் அவள் கணவர் கனகவேலும் வேலை பார்த்த அதே அச்சகத்தில். நானூறு பத்திரிகை ஊர் முழுக்கப் போன பிறகுதான் தெரிந்தது, தாய்மாமன் பேர் இருக்கிறது, சித்தப்பா பேர் இருக்கிறது, தூரத்துச் சொந்தத்தில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் பேர் கூட இருக்கிறது, பெரியப்பா பெரியம்மா பேர் மட்டும் இல்லை. மாரிக்கனியின் கணவர் சீனிவாசகம் ஓடி வந்து, "அண்ணாச்சி, சத்தியமா எழுதிக் குடுத்தேன், புரூஃப்ல கூட இருந்துச்சு" என்றார். கனகவேல் காது கொடுக்கவில்லை. அவர் அந்த அச்சகத்தின் கட்டிங் மெஷின்காரர், அப்போதே இருபது வருஷ சர்வீஸ். "நான் வேலை பாக்குற பிரஸ்ல பேர் விடுபட்டுச்சுன்னு என்கிட்டயே சொல்றீங்களா? எழுதிக் குடுத்திருந்தா அது வந்திருக்கும்!" என்று வாசலிலேயே வைத்து அனுப்பிவிட்டார். தங்கபுஷ்பம் கணவர் பக்கம் நின்றாள். சடங்குக்கு இருவருமே போகவில்லை.

சொந்த அக்காள் இல்லாமல் நடந்த சடங்கு அது. மாரிக்கனி அதை மறக்கவில்லை. தங்கபுஷ்பமும் மறக்கவில்லை, மறக்காததையெல்லாம் கோபம் என்றே பேர் வைத்து உள்ளுக்குள் பூட்டிக்கொண்டாள்.

இப்போது அந்த அகிலாவுக்குக் கல்யாணம், ஆவணியில். பத்திரிகை வந்தது, ஆனால் தபாலில் வந்தது. கூடப் பிறந்தவளுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து கொடுக்க வேண்டிய பத்திரிகை, தள்ளுவண்டியில், யாரோ ஒருவருடைய ஒன்பது கிலோ அட்டைக்கு அடியில் நசுங்கி வந்தது. கனகவேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியப்பா பெரியம்மா பேர் தாய்மாமனுக்கு மேலேயே பெரிய எழுத்தில் இருந்தது. "பேரைப் போட்டுட்டா ஆச்சா? வந்து கூப்பிட கால் இல்லையாமா?" என்று டி.வி. மேல் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

ஞானசெல்விதான் விடவில்லை. "ஊருக்கெல்லாம் செய்றியே புஷ்பம், உந்தங்கச்சிக்கு ஒண்ணு செஞ்சு அனுப்பேன். உம் பேச்சை அவ நம்பலைன்னாலும் எடையை நம்புவால்ல?" என்றாள்.

"அதுக்குத்தான் பயமா இருக்கு" என்றாள் தங்கபுஷ்பம்.

"என்ன பயம்?"

"செஞ்சு தூக்கிப் பாத்து, அது வெறும் இருபது கிராம் இருந்துச்சுன்னா?"

பதினோரு வருஷம் பூட்டி வைத்த இடத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? இல்லை என்று தெரியாமல் இருக்கும்வரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாவது காலம் தள்ளலாம். தராசில் ஏற்றிவிட்டால் அதுவும் போய்விடும். தங்கபுஷ்பம் ஆடி மாதம் முழுவதும் கத்தரிக்கோலைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தாள்.

கடைசியில் ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். ராட்டினம் செய்வது என்று தீர்மானித்தாள். அட்டையைப் பிரித்தால் எழுந்து நிற்க வேண்டும், பன்னிரண்டு தொட்டில் இருக்க வேண்டும், ஒற்றை விரலால் தொட்டால் சுற்ற வேண்டும். சின்ன வயசில் பங்குனிப் பொங்கல் திருவிழாவில் ராட்டினம் ஏறும்போதெல்லாம் மாரிக்கனி பயத்தில் அக்காளின் ஜடையைப் பிடித்துக்கொள்வாள், இறங்கியதும் "இன்னொரு சுத்து" என்பாள், அந்தக் கழுதைக்குப் பயமும் போகாது ஆசையும் போகாது. தங்கபுஷ்பம் அடித்தட்டை மட்டும் வெட்டி, ஸ்கேல் விளிம்பால் அழுத்தி மடித்து, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கப் போனாள். தூக்குவதற்கு முன்னால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

மூலை விரலிலிருந்து வழுக்கியது. அடித்தட்டு அசையவில்லை. வெறும் அடித்தட்டு, ஒரு தொட்டில் கூட ஒட்டாதது, அம்மிக்கல் கணக்காகத் தரையோடு படிந்து கிடந்தது. அவள் இரண்டு கையையும் கொடுத்து அரை ஜாண் நகர்த்திப் பார்த்துவிட்டு அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாரிக்கனியை அவள் ஒரு நாள் கூட வெறுத்திருக்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பதினோரு வருஷமும் ஒரு முழத் தாளும் வேண்டியிருந்திருக்கிறது.

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. அச்சகத்திலிருந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு தொட்டிலை ஒட்டும்போதும் தரை ஒரு சின்ன முனகல் முனகியது. நாலாவது தொட்டிலில் மொசைக் கல்லில் மயிரிழை போல ஒரு விரிசல் கண்டது, ஏழாவதில் அந்தக் கல் கீழே இறங்கியது, கனகவேல் தாண்டித் தாண்டி நடந்தார், "யாருக்கு?" என்று கேட்கவில்லை, கேட்டால் தெரிந்துவிடும் என்பதால்.

பத்தாவது தொட்டில் ஒட்டிய அன்று சக்கரத்தின் விளிம்புக்கு மஞ்சள் தாள் தேவைப்பட்டது. புதுச் சாக்குகளில் மஞ்சள் இல்லை. பரணில் கிடந்த பழைய சாக்கு ஒன்றை இழுத்துப் போட்டாள். சண்டை போட்ட வருஷத்துச் சாக்கு அது, அந்த வருஷம் யாருக்கும் அட்டை செய்ய மனசில்லாமல் வாய் கட்டியபடியே ஏற்றி வைத்தது. அவிழ்த்துக் கவிழ்த்தபோது நல்ல மங்கள மஞ்சளில் ஒரு கட்டு விழுந்தது, விரல் அகலத்துக்கு நீள நீளமான துண்டுகள், வெட்டியபோது எப்படி அடுக்கியிருந்ததோ அப்படியே, நானூறும். ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு வரி அச்சாகியிருந்தது.

*அன்புடன் அழைக்கும் பெரியப்பா – பெரியம்மா: அ. கனகவேல் – தங்கபுஷ்பம்.*

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். தங்கபுஷ்பம் சோற்றைப் போட்டுவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டை வைத்தாள். கனகவேல் படித்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தைப் பார்க்காமல், வெட்டிய விளிம்பைப் பார்த்தார். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய கீறல் ஓடியது.

"நம்ம மெஷின்தான்" என்றார். "அந்த வருஷம் கத்தியில ஒரு பல் விழுந்திருந்துச்சு. சாணை பிடிக்கச் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"அப்ப வெட்டினது..."

"நான்தான்."

எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்கிற கட்டிங்காரனை எந்த அச்சகத்திலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவன் பார்க்க வேண்டியது அளவை மட்டும்தான். அன்றைக்கு வேறொரு வேலை மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தியாள் மகள் சடங்குப் பத்திரிகை ஆயிற்றே, நம் வீட்டு வேலை ஆயிற்றே, வரிசையில் காத்துக் கிடக்க வேண்டாம் என்று ஆசை ஆசையாய் அதை இடையில் நுழைத்து வெட்டிக் கொடுத்தவர் அவர். அந்த அவசரத்தில் முந்தின வேலையின் அளவை மாற்றாமல் விட்டவரும் அவர். விரல் அகலம் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த விரல் அகலத்தில்தான் அவர் பேர் இருந்தது.

கனகவேல் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு வேலைக்குப் போனார். தங்கபுஷ்பம் திட்டவில்லை; திட்டுவதற்கு வார்த்தை நிறையச் சேர்த்துத்தான் வைத்திருந்தாள், அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. வாசலில் வைத்துச் சீனிவாசகத்தைத் துரத்தியபோது தானும்தானே பின்னால் நின்றாள்?

ஆவணி பிறந்து ராட்டினம் முடிந்தது. விரலால் தொட்டால் பன்னிரண்டு தொட்டிலும் சத்தமில்லாமல் சுற்றின. ஆனால் அது இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. அச்சகத்து லோடுமேன்கள் நாலு பேர் வந்து கயிறு போட்டுப் பார்த்தார்கள், கயிறு அறுந்தது. எத்தனை கிலோ என்று கேட்டவர்களுக்குச் சொல்ல வழியில்லை, தராசில் ஏற்ற வேண்டுமானால் முதலில் தூக்க வேண்டுமே. தெருவே கூடி யோசனை சொன்னது. சுவரை இடித்துவிட்டுக் கிரேன் வைக்கலாம் என்றார் ஒருவர். தொட்டில் தொட்டிலாகப் பிரித்து எடுத்துப்போய் அங்கே ஒட்டிக்கொள்ளலாம் என்றாள் ஒருத்தி. "பிரிக்கிறதா? கையை வச்சுப் பாருங்க!" என்று தங்கபுஷ்பம் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

"அட்டை போகலைன்னா நீ போயேன்டி" என்றாள் ஞானசெல்வி.

"வெறுங்கையோடவா? நேர்ல வந்து கூப்பிடாத வீட்டுக்கா?"

"கூப்பிடலைன்னு அழறவளுக்கு இவ்வளவு கனத்துல அட்டை எதுக்கு?"

இதைக் கேட்டுக்கொண்டே கனகவேல் உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு வெள்ளை அட்டை இருந்தது. முப்பது வருஷம் தாள் வெட்டியும் தாளால் எதையும் செய்தறியாத மனிதர். நாலு பக்கமும் நூல் பிடித்தது போல நேராக வெட்டி, ஒரு மடிப்பு மடித்திருந்தார், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வேலை. உள்ளே அடி விளிம்பில் அந்த மஞ்சள் துண்டை ஒட்டி, மேலே பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார்: *நான்தான் வெட்டினேன். மன்னிச்சிரும்மா.*

"நிறுத்துப் பாத்தேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "ஒண்ணே முக்கால் கிலோ. பிரஸ் தராசு, சுத்தமான எடை." அதைச் சொல்லும்போது அந்தத் துக்கத்திலும் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "நான் போறேன். நீயும் வா புஷ்பம்."

பஸ்ஸில் அவர் அட்டையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் அதன் கனத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தானே கிட்ட வந்து டிக்கெட் கொடுத்தார். தங்கபுஷ்பத்துக்குத் தன் பக்கம் எவ்வளவு கனம் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. தபாலில் வந்த அந்தப் பத்திரிகை அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. சொந்த அக்காளை நேரில் அழைக்கத் தோன்றாத மனசில் என்ன இருந்துவிடப் போகிறது? கதவைத் திறக்காமல் போனால்? திறந்து, "வாங்க" என்று மூன்றாம் மனுஷியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டால்? அதைத்தான் தாங்க முடியாது என்று நினைத்தாள்.

பந்தல்கால் நட்டிருந்த வீட்டில் கதவு திறந்தேதான் இருந்தது. மாரிக்கனி கூடத்தில் தேங்காய்ப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தலை பாதி நரைத்திருந்தது. இவ்வளவு நரைத்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள் தங்கபுஷ்பம்.

கனகவேல் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று இரண்டு கையாலும் அட்டையை நீட்டினார். மாரிக்கனி சாதாரணமாக ஒரு கையால் வாங்கினாள், கனம் இழுத்ததும் மணிக்கட்டு தாழ்ந்தது. அவள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிரித்துப் படித்தாள், மஞ்சள் துண்டைத் தடவினாள், திரும்பவும் படித்தாள்.

"ஏங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. எங்க அத்தான் வந்திருக்காக."

சீனிவாசகம் ஈரத் துண்டோடு வந்தார். படித்தார். அவர் முகம் மலர்ந்தது போல அந்தத் தெருவில் எந்தக் கல்யாண வீட்டிலும் எவர் முகமும் மலர்ந்ததில்லை. "எழுதிக் குடுத்தேன்னு சொன்னேன்ல! பதினோரு வருஷமா இவளும்ல என்னைச் சந்தேகப்பட்டா!" என்று அட்டையை மனைவி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் காட்டப் போனார். பாதித் தெருவில் நின்று திரும்பி, "உள்ள வாங்க அண்ணாச்சி, ஏன் வெளியிலயே நிக்கிறீக?" என்று கத்தினார். கனகவேல் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். கழற்றிவிட்டு, வந்தது வந்தோம் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேங்காய்ப் பைகளை எண்ண உட்கார்ந்துவிட்டார்.

அக்காளும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள்.

"பத்திரிகையைத் தபால்ல போட்டுட்டியேடி" என்றாள் தங்கபுஷ்பம். இவ்வளவு வருஷம் கழித்து முதல் வார்த்தை இதுவா வர வேண்டும் என்று சொன்ன பிறகு தன்னையே நொந்துகொண்டாள்.

மாரிக்கனி அக்காளின் கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில், தரை நடுவில், ஒரு பெரிய மூங்கில் கூடை கவிழ்த்து வைத்திருந்தது. அதைச் சுற்றிலும் தரை வட்டமாகக் கீழே இறங்கியிருந்தது, கல் நாலாகப் பிளந்திருந்தது, பிளவுகளில் யாரோ பொறுமையாக வெள்ளைச் சிமென்ட் பூசியிருந்தார்கள், அதுவும் திரும்பப் பிளந்திருந்தது.

"சித்திரையில ஊரெல்லாம் பேசுனாங்கள்ல, அன்னைக்கு ராத்திரியே செஞ்சேன்" என்றாள் மாரிக்கனி. "உன்னை மாதிரி எனக்குச் செய்ய வராது, தெரியும்ல. பத்திரிகை குடுக்க வந்தா இதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் வரணும்னு வைராக்கியமா இருந்தேன். மாசக்கணக்கா தூக்கிப் பாக்குறோம். இவுக, இவுக தம்பி, ஆட்டோக்காரரு, எல்லாரும் பாத்தாச்சு. நாளு நெருங்கிருச்சு. இது இல்லாம உன் வாசல்ல வந்து நின்னு என்னன்னு பேசுறது? அதான் அழுதுக்கிட்டே தபால்ல போட்டேன்க்கா."

கூடையை எடுத்தாள்.

நோட்டுப் புத்தகத் தாளில் செய்த ஒரு சின்ன அட்டை. ஓரம் கோணலாக வெட்டியிருந்தது. பூ என்று எதையோ ஒட்டப் பார்த்து, பசை வழிந்து, ஒரு இதழ் பாதி பிய்ந்திருந்தது. மேலே *அக்காவுக்கு* என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான்.

தங்கபுஷ்பம் அதன் முன்னால் மண்டியிட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் முயன்றாள். இரண்டு கையால் முயன்றாள். பல்லைக் கடித்து, காலைத் தரையில் ஊன்றி, முகம் சிவக்க, மூச்சை அடக்கி, அவளுடைய நாற்பத்தெட்டு வயது உடம்பில் இருந்த பலம் முழுவதையும் கொடுத்து முயன்றாள். மாரிக்கனி மேலே நின்று சேலை நுனியை விரலில் சுற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருதாக்கா?"

தங்கபுஷ்பம் கையை எடுத்துவிட்டுத் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"அசைய மாட்டேங்குதுடி" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் எதையும் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.